வடியாத வீக்கம்

வெனிங் முக்காலியில் உட்கார்ந்து மடியை விரித்துவிட்டாள். அக்கா முர்த்தினியைத் தூக்கிக் கிடத்த வேண்டியதுதான் பாக்கி. அவர்கள் ஊரில் இறந்தவரைக் கூடப்பிறந்தவர்களோ பிள்ளைகளோ மடியில் தாங்கித்தான் குளிப்பாட்டுவார்கள். சுற்றிலும் பத்திக் துணி மறைப்பு. குளிப்பாட்ட வந்த துமிரா காதருகே குனிந்தாள்.

"ஏம்மா, நீ சுத்தமாத்தானே இருக்க?"

"இன்னிக்கு ரெண்டாவது நாள்."

"அப்ப எந்திரிச்சிரு தாயி. நம்ம தெருவுல அது பழக்கமில்ல. அக்கா மக தாங்கட்டும்."

வெனிங் எழுந்து வெளியே வந்தாள். சுரபாயா நகரத்து ஆய்வுக்கூடத்தில் தினமும் காலையில் அவள் பார்ப்பதும் இதைத்தான். எந்தப் பெண் எலி சுழற்சியின் எந்த நாளில் இருக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்துப் பிரிப்பாள். நாளுக்கு ஏற்ப எலியின் சில சுரப்பிகள் கொஞ்சம் வீங்கும், பிறகு சுருங்கும். அதை எடைபோடுவது அவள் வேலை. அங்கே அந்தக் கேள்விக்கு ஒரு நியாயம் இருந்தது. இங்கே என்ன இருக்கிறது?

பந்தலுக்கடியில் அத்தான் சுகெங், வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தபடி சொல்லிக்கொண்டிருந்தார்.

"கழுத்துல லேசா வீக்கம். பொம்பளைங்களுக்கு மாசாமாசம் வந்து வடியிறதுதானேன்னு விட்டுட்டோம். எலிக்கே சுரப்பி அப்படித்தான் வீங்குமாம். நம்ம வெனிங்தான் சொன்னா. படிச்ச புள்ள."

வெனிங் அவர் எதிரே போய் நின்றாள். நோன்புப் பெருநாள் விருந்தில் எல்லோரும் சிரிக்க அவள் சொன்ன எலிக்கதையை வைத்தே அக்காவைக் கொன்றிருக்கிறார்.

"எலிக்கு நாலஞ்சு நாள்ல வடிஞ்சிரும்னும் சொன்னேனே அத்தான், அது ஞாபகம் இல்லியா? அக்காவுக்கு வடியல, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு எத்தன தடவ போன் போட்டேன்?"

"சாவு வீட்டுல கத்தாத, வெனிங்."

"கத்துவேன். அன்னிக்கு என்ன சொன்னீங்க? 'உனக்கும் அந்த நாளா, இப்படி எரிஞ்சு விழுற?'ன்னு சிரிச்சீங்க."

யாரோ கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

"இன்னிக்கு அந்த நாள்தான் அத்தான். எல்லாரும் நல்லாக் கேட்டுக்கங்க."

திரும்பி நடந்து பத்திக் துணியை விலக்கினாள். முக்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா மகள் அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள். துமிரா வாயைத் திறந்தாள்.

"எங்கக்காவ வைங்க," என்றாள் வெனிங்.

துமிரா, சுற்றி நின்ற பெண்களுக்குக் கண்ணைக் காட்டினாள். அக்கா மடிக்கு வந்தாள். இத்தனை இளைத்துப்போயிருப்பாள் என்று வெனிங் நினைக்கவில்லை. கையை அவள் தலைக்கடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.

துமிரா மல்லிகைத் தண்ணீரை மொண்டு ஊற்றினாள். நெற்றியில் விழுந்து கன்னம் வழியாக இறங்கிய தண்ணீர், கழுத்துக் கட்டியில் முட்டி இரண்டாகப் பிரிந்து, வெனிங்கின் மடியை நனைத்தது.