பெயரின் முன்பாதி

பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குத் தண்ணீர் என்ற சொல் வரவில்லை. மனைவியின் பெயரும் வரவில்லை. ஆனால் கங்காருப் படத்தைக் காட்டினால், கோணிய வாயோடு அதன் லத்தீன் பெயரை முழுசாகச் சொல்லிவிடுவார். மியூசியத்தில் மண்டையோடுகளை அளந்து அளந்து, எது கங்காரு, எது அதன் சின்ன உறவான வாலபி என்று பிரித்து வைத்தே தலை நரைத்த மனிதர். மனைவிக்குப் பல்செட் செய்கிற வேலை. ஒரு வாலபியின் தாடையைக் கைக்குட்டையில் பொதிந்து, அச்சு எடுத்துத் தர முடியுமா என்று கேட்டு வந்தவரைத்தான் கட்டிக்கொண்டாள். இப்போது காலையில் படங்களைப் பரப்பிக்கொண்டு எதிரே உட்காருவாள். சிவப்புக் கழுத்து வாலபியைப் பார்த்து "மேக்ரோபஸ் ரூஃபோக்ரிசியஸ்" என்று அவர் சொல்லும்போது, தன்னையே கூப்பிட்ட மாதிரி அவளுக்கு வயிறு குளிரும்.

அவரிடம் படித்து, இப்போது அவருடைய நாற்காலியில் இருக்கும் பெண் ஒருநாள் பார்க்க வந்தாள். வாசலிலேயே தயங்கி நின்றாள். அந்த வாலபி வகையைத் தனிப் பேரினமாகப் பிரித்தாகிவிட்டது, மியூசியத்து அட்டைகளை மாற்றுகிறார்கள், சாரிடம் தானே சொல்வதுதான் மரியாதை என்று வந்தாளாம். பிரிக்க வேண்டும் என்று அவளும், கூடாது என்று அவரும் வருஷக்கணக்காக முட்டிக்கொண்ட விஷயம் அது.

"லத்தீன் பேர்ல பின்பாதி அதேதான்க்கா. முன்பாதி மட்டும் மாறிடுச்சு."

"அவர்கிட்ட மிச்சம் இருக்கறதே அந்தப் பேருங்கதாம்மா. சொல்லாத."

அந்தப் பெண் தலையாட்டினாள். உள்ளே வந்து காப்பி குடித்தாள், மழையைப் பற்றிப் பேசினாள். அவரோ இடது கையால் அந்த வாலபிப் படத்தை அவள் பக்கம் நகர்த்தி, பெயரைச் சொல்லிவிட்டு, வகுப்பில் காத்திருப்பது போலக் காத்திருந்தார். அவள் குனிந்துகொண்டாள். அவர் அந்த முகத்தையே பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையை மனைவியால் தாங்க முடியவில்லை. குழந்தைக்கு மறைப்பது போல அவருக்கே மறைக்கிறோமே என்றிருந்தது.

"சொல்லிடும்மா," என்றாள்.

"இப்ப அது நோட்டமேக்ரோபஸ், சார்."

அவர் முகம் சிவந்தது. மனைவி பயந்துபோய் எழுந்தாள். கழுத்து நரம்பு புடைக்க, உதடு இழுத்துக்கொண்டு, உள்ளேயிருந்து எதுவோ கிளம்பி வந்தது.

"இல்... ல."

இத்தனை மாதத்தில் அவர் வாயில் வந்த, லத்தீன் அல்லாத முதல் வீட்டுச் சொல்.

"இல்ல," என்றார் மறுபடி, இன்னும் தெளிவாக.

அந்தப் பெண் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை அவர் முழங்காலோடு ஒட்டி இழுத்துப் போட்டாள். "ஏன் சார் இல்ல? அதோட பல்லைப் பாருங்க முதல்ல," என்று பழையபடி சண்டையை ஆரம்பித்தாள். மனைவி காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டாள்; ஆனால் சமையலறைக்குப் போகாமல், அவர் வாயையே பார்த்தபடி அங்கேயே நின்றாள்.