ஓணத்துக்குப் போட்ட டயர்

பிச்சுமணியோடு சண்டை போடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் நசீபா சுள்ளிக்கல்லுக்கு வண்டியை ஓட்டிப் போனாள். போன ஓணத்துக்கு அவன் கடையில்தான் நான்கு டயரும் புதிதாக மாற்றியிருந்தாள். ஒரு வருடம்கூட ஆகவில்லை. காலையில் வண்டிக் கம்பெனியிலிருந்து மெயில் வந்திருந்தது. அவள் அனுப்பிய படங்களில் நான்கு டயர்களும் தேய்ந்து தெரிவதாகவும், மாற்றிக் கொண்டுவராவிட்டால் தாங்களே மாற்றி அந்தச் செலவைக் கடைசிச் சம்பளத்தில் பிடிக்கச் சொல்வதாகவும் எழுதியிருந்தார்கள். அன்று மாலைக்குள் வண்டியை ஒப்படைக்க வேண்டும்.

வண்டி அவளுடையது அல்ல. காக்கநாட்டில் அவள் வேலை பார்த்த அலுவலகத்தில் சம்பளப் பிரிவுக்குத் தலைமையாக உயர்த்தப்பட்டபோது, குத்தகைக்கு எடுத்துக் கொடுத்த வண்டி. வேலையை விட்டால் வண்டியும் திரும்பிப் போய்விடும். ஆனால் மட்டாஞ்சேரியில் அவர்கள் தெருவில் எல்லோருக்கும் அது ஷமீலின் வண்டி. பஜார் ரோட்டில் மசாலாக் கடை வைத்திருந்த அவள் கணவன் ஷமீல் சரக்கு விஷயமாகப் பெரும்பாவூருக்கும் ஆலப்புழைக்கும் அதில்தான் போய்வந்தான். அந்த நாட்களில் நசீபா இரண்டு பஸ் மாறி அலுவலகம் போனாள். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

ஜனவரியில் மாமியாருக்குப் பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு திரும்பிவிட்டது, கையும் காலும் திரும்பவில்லை. யாராவது கூடவே இருக்க வேண்டும் என்றானது. ஷமீல் அவளை ஒரு தடவைகூட வற்புறுத்தவில்லை. "நீயே ஆலோசிச்சு முடிவெடு நசீபா. உன் வேலை, உன் இஷ்டம்" என்று நோன்பு மாதம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் ஆலோசித்தாள். விடியுமுன் சஹருக்குச் சமைக்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் அதையேதான் ஆலோசித்தாள். பெருநாள் கழிந்த வாரம், நான் வேலையிலிருந்து நின்றுவிடுகிறேன் என்று அவளாகவே சொன்னாள். ஷமீல் அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தக் கையின் கனம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

பிச்சுமணியின் கடையில் மழைத்தண்ணீர் வாசல்வரை நின்றது. கோவில்பட்டிக்காரன், கொச்சிக்கு வந்து வெகுகாலமாகியும் பேச்சு மாறாதவன்.

"என்ன டயர் குடுத்தே பிச்சுமணி? வருஷம் திரும்பல, அதுக்குள்ள மொட்டையாயிடுச்சு."

அவன் குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தான். பின்னால் போய் அதையும் பார்த்தான்.

"அக்கா, இது நான் உங்களுக்குப் போட்ட டயரு இல்லியே."

"பின்னே?"

"இது உங்க சிகாபுதீன் சேட்டன் வண்டியில கெடந்தது. சார் சொல்லித்தான மாத்துனேன்." அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் குரல் இறங்கியது. "சார் ரெண்டு வண்டியையும் கொண்டாந்து நிறுத்துனாரு. இதுல உள்ளத அதுல மாட்டு, அதுல உள்ளத இதுல மாட்டுன்னாரு. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

சிகாபுதீன் ஷமீலின் அண்ணன். போர்ட் கொச்சியில் சுற்றுலாக்காரர்களுக்கு டாக்சி ஓட்டுகிறவன். அவனுடையதும் இதே மாடல்தான், பழைய வண்டி.

நசீபா கடை வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் அவளுக்கு நினைவு வந்தது தோப்பும்படிப் பாலம். இரண்டு வாரத்துக்கு முன், முதல் பெருமழையில், ஷமீலின் உம்மாவைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு பிசியோதெரபிக்குப் போகும்போது பாலம் இறங்குகிற இடத்தில் பிரேக் பிடித்தாள். வண்டி நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு போய் ஒரு தனியார் பஸ்ஸின் பின்புறத்துக்கு ஒரு முழம் விட்டு நின்றது. உம்மா சீட்டிலிருந்து சரிந்து கீழே விழுந்திருந்தாள். அன்று மாலை ஷமீல் சொன்னான், "உன் நெனப்பு முழுக்க ஆபீஸ்லதான் இருக்கு. ரோட்டைப் பாத்து ஓட்டு." அவளும் அப்படித்தான் நம்பினாள். உம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாள்.

போனில் அவனைக் கூப்பிட்டாள்.

"ஆமா, மாத்தினேன்" என்றான் ஷமீல். பின்னால் கடையில் யாரோ மிளகு விலை கேட்பது கேட்டது. "இக்காவோட வண்டிக்கு ஆர்டிஓ டெஸ்ட் இருந்துச்சு. அந்த டயரை வெச்சுப் போனா பாசாக்க மாட்டாங்க. திரும்பிப் போற வண்டிக்கு வெறுதே எதுக்கு நல்ல டயர்? கம்பெனிக்காரன் கண்டுபிடிக்க மாட்டான்னு நெனச்சேன்."

"கண்டுபிடிச்சுட்டாங்க."

"அப்படின்னா அவங்களே பிடிச்சுக்கட்டும். நீ ஏன் அதுக்கு டென்ஷன் ஆகறே?"

"உம்மாவை அதுலதான் கூட்டிட்டுப் போனேன்."

"ஒண்ணும் ஆகலையே" என்றான். "ஆளுங்க நிக்கறாங்க. ராத்திரி பேசலாம்."

சிகாபுதீன் அன்று மூணாறுக்கு சவாரி போயிருந்தான். டயரைத் திரும்ப வாங்க வழியில்லை. இருபது வருட வேலையில் அவளைப் பற்றி ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை. கடைசி நாளில் டயரைத் திருடி மாற்றியவள் என்று பெயர் வாங்க அவளுக்கு மனமில்லை. புதிதாக நான்கு போடச் சொன்னாள். பிச்சுமணி பேரம் எதிர்பார்த்து ஒரு விலை சொன்னான். அவள் பேரம் பேசவில்லை. அவனுக்கே அது சங்கடமாகிவிட்டது, கேட்காமலே குறைத்துக்கொண்டான்.

"பழசை இங்கேயே போட்டுடவாக்கா?"

"வேண்டாம். வண்டியில ஏத்து."

இரண்டு டிக்கியில் போயிற்று. இரண்டைச் சாக்கு விரித்துப் பின்சீட்டில் படுக்கவைத்தார்கள்.

பனயப்பள்ளியில் சிகாபுதீனின் வீட்டு வாசலில் அவற்றை அவளே ஒவ்வொன்றாக உருட்டிக் கொண்டுபோய்ச் சுவரோரம் சாய்த்தாள். துப்பட்டா முழுக்கக் கரி. சத்தம் கேட்டு சிகாபுதீனின் மனைவி ஷம்னா கை துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"என்ன மோளே, நீயே தூக்கறே? சொல்லியிருந்தா பையன்களை அனுப்பியிருப்பேன்ல. இதெல்லாம் என்ன?"

"உங்க வண்டி டயர், இத்தா. திருப்பிக் குடுக்க வந்தேன்."

ஷம்னா புரியாமல் சிரித்தாள். அப்புறம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்கிட்ட நேரா சொல்லணும்னே இருந்தேன். அந்த நேரத்துல நீ மட்டும் டயர் குடுக்கலேன்னா இவரு டெஸ்டுக்குக் கொண்டுபோகாம வண்டியை வீட்லதான் நிறுத்தியிருப்பாரு. நோம்புக்கு முன்னாடி கையில ஒண்ணுமில்ல. எந்தக் கொழுந்தன் பொண்டாட்டி இப்படிச் செய்வான்னு எங்க உம்மாகிட்டகூடச் சொன்னேன். உனக்காக துஆ செஞ்சேன்."

"நான் குடுத்தேன்னு யார் சொன்னது?"

"ஷமீல்தான். நசீபா வேலையை விடறா, வண்டி கம்பெனிக்குத் திரும்பப் போகுது, டயரை இக்காவுக்குக் குடுன்னு அவளே சொன்னான்னு." ஷம்னா பேச்சை நிறுத்தினாள். "ஏன் மோளே?"

"எப்ப சொன்னாரு இதை?"

"நோம்பு தொடங்கறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி. பராத் ராத்திரி கழிஞ்ச உடனே."

நசீபா அந்த மாதங்களை மனத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். பராத், அப்புறம் நோன்பு, அப்புறம் பெருநாள். அவள் உறக்கமில்லாமல் யோசித்துக்கொண்டிருந்த அந்த நாட்களிலெல்லாம், எதிரில் உட்கார்ந்து "உன் இஷ்டம்" என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தபோது, முற்றத்தில் நின்ற வண்டியில் ஏற்கெனவே தேய்ந்த டயர்கள் மாட்டியாகிவிட்டிருந்தன. அவள் வேலையை விடுவது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரியாதவள் அவள் மட்டும்தான்.

ஷம்னாவிடம் உண்மையைச் சொல்லலாம். பிடித்த கையை ஷம்னா இன்னும் விடவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று நசீபாவுக்குத் தோன்றியது. நிச்சயமாகக் கொடுத்திருப்பாள்.

"ஒண்ணுமில்ல இத்தா. இது இங்க கெடக்கட்டும்னு கொண்டுவந்தேன்" என்றாள்.

"சாயா குடிச்சிட்டுப் போ."

"நேரமாச்சு."

குண்டன்னூர் தாண்டும்போது வண்டி ரோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடியது. இவ்வளவு நாள் ஸ்டியரிங்கை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. காக்கநாடு போனதும் நேராக வண்டியை ஒப்படைக்கப் போகாமல் அலுவலகத்துக்குள் திருப்பினாள்.

மனிதவளப் பிரிவில் இருந்த அதிதி அவளைவிட இளையவள். எழுந்து நாற்காலி காட்டினாள். ராஜினாமாவைத் திரும்பப் பெற முடியுமா என்று நசீபா கேட்டாள். கேட்கும்போது குரல் சீராகத்தான் இருந்தது.

"மேடம், நோட்டீஸ் காலத்துல ஒரு வார்த்தை சொல்லியிருந்தாக்கூட நான் பேசியிருப்பேன். உங்க இடத்துக்கு சங்கர்ராமுக்கு ஆர்டர் போட்டாச்சு. நீங்கதானே அவரைத் தயார்பண்ணிக் குடுத்தீங்க" என்றாள் அதிதி. பிறகு, "வீட்ல ஏதும் பிரச்சனையா?" என்று கேட்டாள்.

"இல்ல. சும்மாதான் கேட்டேன்."

வண்டியை வாங்கிக்கொண்டவன் ஒரு சிறு கருவியை டயரின் வரிப்பள்ளத்துக்குள் குத்திப் பார்த்தான். நான்கும் புதுசு என்று தன் போனில் பதிந்துகொண்டான். "ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க மேடம். சிலர் எப்படியெல்லாம் கொண்டாந்து விடுவாங்க தெரியுமா" என்றான். அவள் சாவியைக் கொடுத்துவிட்டு, முன்கண்ணாடியில் தொங்கிய தஸ்பீஹ் மணியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். கலூரில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நெடுநேரம் நின்றாள். நனைந்துதான் வீடு சேர்ந்தாள்.

ஷமீல் கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு வந்திருந்தான். மீன்கூட வாங்கி வந்திருந்தான்.

"ஷம்னா இத்தா போன் பண்ணாங்க" என்றான். "அங்க போய் டயரை இறக்கிவெச்சுட்டு வந்தியாமே. அவங்க என்ன நெனப்பாங்க?"

"நோம்புக்கு முன்னாடியே நீங்க முடிவு பண்ணிட்டீங்க."

"நான் என்ன முடிவு பண்ணேன்? வேலையை நிறுத்துன்னு ஒரு தடவையாவது சொன்னேனா?"

"இல்ல."

"நீதானே வந்து சொன்னே, நிக்கறேன்னு?"

"ஆமா."

"பின்னே?"

அவன் சொன்ன ஒவ்வொன்றும் உண்மைதான்.

"நான் மாட்டேன்னு சொல்லியிருந்தா?" என்று கேட்டாள்.

ஷமீல் சிரித்தான். கோபமோ கேலியோ இல்லை, பிரியமாகத்தான் சிரித்தான். "நீ அப்படிச் சொல்ல மாட்டே. பதினெட்டு வருஷமா உன்னை எனக்குத் தெரியாதா?"

அந்தப் பிரியத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வேலை போனது, வண்டி போனது, அதெல்லாம் கணக்கில் வருகிற விஷயம். ஒரு நோன்பு மாதம் முழுக்க மனத்தோடு மல்லுக்கட்டி, கடைசியில் தன் கையால் எடுத்துக் கொடுத்ததாக அவள் நினைத்திருந்த ஒன்று, அவள் கொடுக்கும் முன்பே எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தது. விட்டுக்கொடுத்தவள் என்ற சிறு பெருமைகூட அவளுக்கு மிஞ்சவில்லை.

"மீனைக் கழுவிக் குடுக்கட்டுமா?" என்றான் ஷமீல்.

அவள் ஈரத்துணியை மாற்றிக்கொண்டு உம்மாவின் அறைக்குப் போனாள். படுக்கை விரிப்பு நனைந்திருந்தது. உம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, விரிப்பை ஒரு பக்கமாகச் சுருட்டினாள்.

"வண்டி போயாச்சா?" உம்மா சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

"போயாச்சு."

"எல்லாம் என்னாலதான்" என்றாள் உம்மா.

ஏப்ரலிலிருந்து அநேகமாகத் தினமும் உம்மா இதைச் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போதெல்லாம், அப்படியெல்லாம் இல்ல உம்மா, நானா எடுத்த முடிவுதானே என்று நசீபா அவள் நெற்றியைத் தடவிக் கொடுத்திருக்கிறாள். உம்மா காத்திருந்தாள். நல்ல கையால் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்ப முடியாமல் காத்திருந்தாள்.

நசீபா பழைய விரிப்பை உருவி எடுத்தாள். புதியதை உதறி விரித்து, மூலைகளை மெத்தைக்கடியில் செருகினாள். உம்மாவை நேராகப் படுக்கவைத்தாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தாள்.