வெள்ளை சோபாவில் மஞ்சள் பூ

இருபது வருஷமாக சோபா விற்றவருக்குக் கட்டி வர வேறு இடமா இல்லை? சரியாக உட்காருகிற இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

மனைவி மஞ்சளை எண்ணெயில் குழைத்துத் தாராளமாக அப்பினாள். "மூணு நாள்ல அமுங்கிடும். அதுவரைக்கும் எங்கயும் உக்காராதீங்க."

"உக்காரத்தானே எனக்குச் சம்பளம்," என்றார்.

பொய்யில்லை. வாங்க வருபவர்கள் முன்னால் சோபாவில் சாய்ந்து, சுகமாக ஒரு பெருமூச்சு விட்டுக் காட்டுவதுதான் அவர் தொழில். ஓய்வு பெற ஐந்து மாதம் பாக்கி. அதுவரை வேலை போகாமலிருந்தால் போதும் அவருக்கு.

அன்றைக்கென்று பார்த்து ஹோட்டல் நடத்தும் அம்மா ஒருவர் வந்தார். நாற்பது சோபா வேண்டுமாம், எல்லாம் வெள்ளைத் துணியில். முதலாளி கண்ணைக் காட்டினார். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பெருமூச்சு தானாகவே வந்தது, கூடவே கண்ணீரும். எழுந்து பார்த்தால், பேன்டைத் தாண்டி இறங்கிய மஞ்சள் வெள்ளைத் துணியில் இரண்டு இதழ் விரித்திருந்தது.

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை.

அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "பூ நல்லா இருக்கே. கையால போட்டதா?"

"கையால இல்லங்க," என்றார் இவர். பொய் சொல்லிப் பழகாத மனுஷன்.

"நாப்பதுலயும் இதே பூ வேணும்."

கட்டி மூன்றே நாளில் அமுங்கியது. பூ வேலை முடிய மூன்று வாரம் ஆயிற்று. நடுவில் ஆர்வக்கோளாறில் முதலாளியும் மஞ்சள் பூசி ஒரு சோபாவில் உட்கார்ந்து பார்த்தார். அது போலி என்று அந்த அம்மா திருப்பி அனுப்பிவிட்டார்.

ஓய்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஹோட்டலிலிருந்து போன் வந்தது. வெயில் பட்டுப் பூ எல்லாம் வெளுத்துப் போயிற்றாம். மஞ்சளுக்கு வெயில் ஆகாது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. வேலைக்கு வேட்டுதான் என்று இவர் முதலாளி முன்னால் போய் நின்றார். முதலாளி ஆதரவாகத் தோளைத் தட்டினார்.

"உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. அஞ்சு வருஷம் பூவுக்கு உத்தரவாதம் எழுதிக் குடுத்திருக்கேன்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அழுகையே வந்துவிட்டது அவருக்கு. அவள் உள்ளே போய் மஞ்சள் கிண்ணத்தோடு வந்தாள்.

"திரும்பி நில்லுங்க," என்றாள்.