ஆமாஞ்சாமிக்குப் புரியாத கேள்வி

ஆமாஞ்சாமி என்று அவருக்குப் பெயர் வைத்தவன் வேறு யாருமில்லை, அவருடைய சொந்த மச்சினன்தான். பிழைக்க வந்த வெளியூரில் யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டி, அந்த ஊர் மொழியில் "ஆமாம், ஆமாம்" என்றுவிடுவார். கடைக்காரர் பை வேண்டுமா என்றாலும் ஆமாம், ஏன் வரிசையில் முந்துகிறீர்கள் என்றாலும் ஆமாம். புரியவில்லை என்று சொல்வதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி.

இத்தனைக்கும் அந்த மொழிமேல் அவருக்குக் கொள்ளை ஆசை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் சொற்களைச் சொல்லிப் பார்ப்பார். பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் போனில் பேசினால் இவர் காது அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு சொல் பிடிபட்டுவிட்டால் அன்றைக்கெல்லாம் அதை வாயில் அதக்கிக்கொண்டே திரிவார். கட்டட வேலையில் கம்பி கட்டிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, "கிரேனுக்குச் சிக்னல் சொல்ல ஆள் வேணும், மொழி வருமா?" என்று சூப்பர்வைசர் கேட்டபோது என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

சிக்னல்காரர்தான் கிரேனுக்குக் கண். சுவர் மறைத்துவிட்டால், உச்சியில் கூண்டுக்குள் இருக்கும் ஓட்டுநருக்குச் சுமை எங்கே இறங்குகிறது என்றே தெரியாது. இவர் வாக்கி டாக்கியில் "இறக்கு, இறக்கு, இறக்கு" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் நின்றால் கிரேனும் நிற்கும். ஏற்று, இறக்கு, இடது, வலது, மெல்ல, நில். பழைய ஓட்டுநர் பேசாமடந்தை என்பதால் இதற்கு மேல் ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. முதல் நாள் இவர் "இடது" என்றதும் அவ்வளவு பெரிய இரும்புக் கை வானத்தில் இடப்பக்கம் திரும்பியது. ஆமாஞ்சாமிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பெற்ற பிள்ளைகூட அவர் சொல்லுக்கு அப்படித் திரும்பியதில்லை.

ஒருநாள் பழைய ஓட்டுநர் ஊருக்குப் போனார். அன்று காலை கூண்டில் ஏறியது ஒரு பெண். வேலையில் கெட்டிக்காரி, அதே அளவுக்குப் பேச்சுக்காரி. வணக்கம் சொல்லி ஆரம்பித்தவள் மூச்சுவிடாமல் என்னென்னவோ சொன்னாள். ஆமாஞ்சாமி வழக்கம்போல ஆமாம் போட்டார். மதியம்வரை பழுதில்லாமல் போயிற்று.

மதியத்துக்குமேல் ஒரு கம்பிக் கட்டு ஏறியது. தெருவைத் தாண்டி, உயரமான சுவரையும் தாண்டி, தளத்தில் இறக்க வேண்டும். சுவருக்கு அந்தப்பக்கம் மச்சினனும் இன்னொருவனும் கட்டைகளைப் பரப்பிவிட்டு அண்ணாந்து நின்றார்கள். இவர் சுவர் முனையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தடி தள்ளி சூப்பர்வைசர் திரும்பி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

கட்டு தெருவுக்கு மேலே வந்தபோது வாக்கி டாக்கி பேசியது. நீளமாகப் பேசியது.

"ஆமாம்," என்றார் ஆமாஞ்சாமி.

அவள் மறுபடியும் பேசினாள். இந்தத் தடவை மெதுவாக, அழுத்தி.

"ஆமாம், ஆமாம்."

கட்டு சுவரை நோக்கி வேகமாக வந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சொல் தெரியாவிட்டாலும் ராகம் தெரியும். அவள் சொன்னது சேதியில்லை, கேள்வி. ஒரே கேள்வியை இரண்டாம் முறை நிறுத்தி நிதானமாகக் கேட்கிறாள் என்றால் அது சும்மா கேள்வியும் இல்லை. எதற்கு நான் ஆமாம் சொன்னேன்?

"நில்," என்றார்.

கட்டு சுவருக்கு நேர் மேலே ஆடிக்கொண்டு நின்றது. உடனே மேலேயிருந்து சொற்கள் கொட்டின. அதில் பெல்ட் என்ற ஒன்று மட்டும் கையில் சிக்கியது. கம்பிக் கட்டைத் தாங்கும் பெல்ட்டைப் பார்த்தார். இவர் பக்கத்து பெல்ட் சரியாகத்தான் இருந்தது. சூப்பர்வைசர் திரும்பி முறைத்தார். "என்ன அங்க? எதுக்கு நிறுத்துற?"

இவர் பேசினால் சுற்றி நிற்கிறவர்கள் எல்லாருக்கும் கேட்கும். சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும், வேலை போய்விடும். சொல்லாவிட்டால் என்ன ஆகுமோ, கீழே அக்கா புருஷனை நம்பி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறவன் மச்சினன். அவர் பொத்தானை அழுத்தினார்.

"எனக்குப் புரியல," என்றார். "நீங்க கேட்டது எனக்குப் புரியல."

பக்கத்தில் ஒருவன் சிரித்தான். மானம் கப்பலேறியது. ஏறட்டும் என்று நின்றார்.

அவள் குழந்தைக்குச் சொல்வதுபோல் உடைத்து உடைத்துச் சொன்னாள். "பெல்ட். என் பக்கம். நழுவுது. கீழ தெரு, ஜனங்க. தெருவுல இறக்க முடியாது. அங்கதான் இறக்கணும். ஆளுங்க போயாச்சா?"

இதற்குத்தான் இரண்டு முறை ஆமாம் சொல்லியிருந்தார்.

"இல்ல. ரெண்டு பேர். நில்லு, நில்லு," என்று கத்திக்கொண்டே சுவரைச் சுற்றி ஓடினார். அடுத்து வந்தது தமிழ்தான். "மாப்ள, வெளிய போ. ஓடுடா."

"என்ன மாமா, இப்பத்தானே..."

"கேள்வி கேக்காத, ஓடு."

மச்சினன் அவர் முகத்தைப் பார்த்தான். பக்கத்திலிருந்தவனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் பாய்ந்தான். அவர்களுக்குப் பின்னால் இவரும் ஓடிப் படிக்கட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "இப்போ வலது, இறக்கு," என்றார். "இறக்கு, மெல்ல, இறக்கு, இறக்கு..."

கட்டு சுவரைத் தாண்டியதும் ஒரு முனை சாய்ந்தது. அப்புறம் இறக்கு என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. கம்பிகள் உருவிக்கொண்டு மொத்தமாகக் கொட்டின. தளத்தின் அதிர்வு கால் வழியாகப் பல்லுக்கு ஏறியது. மச்சினன் பரப்பியிருந்த கட்டைகள் சிம்பு சிம்பாகக் கிடந்தன.

தூசி அடங்குமுன் சூப்பர்வைசர் ஓடி வந்தார். ஆட்களைப் பார்த்தார், கம்பிகளைப் பார்த்தார், ஆமாஞ்சாமியின் கையிலிருந்து வாக்கி டாக்கியைப் பிடுங்கினார். "மொழி வரும்னு என்கிட்ட பொய் சொன்னே. நாளைலேர்ந்து கம்பி கட்டப் போ." கெட்ட சேதி மட்டும் எந்த மொழியில் வந்தாலும் முதல் தடவையிலேயே புரிந்துவிடுகிறது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். மச்சினன் படியில் உட்கார்ந்து தன் முழங்காலையே தடவிக்கொண்டிருந்தான்.

அப்போது சூப்பர்வைசர் கையிலிருந்த வாக்கி டாக்கியில் அவள் குரல் வந்தது. வேகமாக, யாருக்காகவும் உடைக்காமல் வந்தது. "அந்த ரெண்டு பேரும் உயிரோட இருக்காங்களா, இல்லையா? எனக்கு இங்கேயிருந்து ஒண்ணும் தெரியல, யாராவது சொல்லுங்களேன்."

முழுசாகப் புரிந்தது. முதலிலிருந்து கடைசிவரை ஒரு சொல்லும் கைநழுவவில்லை. ஆமாஞ்சாமி நிமிர்ந்து சூப்பர்வைசரைப் பார்த்தார். அவர் கருவியைத் தரவில்லை. பொத்தானை அழுத்தி இவர் வாயருகே நீட்டினார்.

"இருக்காங்க," என்றார் அந்த மொழியில். "ரெண்டு பேரும் இருக்காங்க. ஒருத்தன்..." மச்சினனுக்கு அங்கே என்ன சொல் என்று அவருக்குத் தெரியாது. "என் பெண்டாட்டி இருக்கா. அவளுக்கு அம்மா இல்ல. அவ வளத்த தம்பி. அவன் இருக்கான். படியில உக்காந்திருக்கான்."

சொல் சொல்லாகத் தேடித்தான் சொல்ல முடிந்தது, நேரம் பிடித்தது. அவர் முடிக்கும்வரை சூப்பர்வைசர் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.