மூச்சுக்கு நாற்பத்தொரு மார்க்

1

இந்தக் கதை ஒரு கேசட்டில் பிறந்தது. என் குறட்டையை என் மனைவி டேப்பில் பிடித்து, காலையில் காப்பியோடு போட்டுக் காட்டினாள். லாரி ஏதோ மேடு ஏறுகிறது என்று நினைத்தேன். அதைவிட என்னைப் பயமுறுத்தியது நடுநடுவே வந்த அமைதி. பயந்தவன் டாக்டரிடம் போயிருக்க வேண்டும். நான் எழுத உட்கார்ந்தேன். என்னைப் பற்றி எழுத வெட்கமாக இருந்ததால், பாளையங்கோட்டையில் ஒரு கணக்கு வாத்தியாரை உண்டாக்கி, கிருபைராஜ் என்று பெயர் வைத்து, குறட்டையை அவர் தலையில் கட்டிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: ‘தாமிரபரணியில் அந்த வருடம் வெள்ளம் கரை’ [வேண்டாம். நெல்லைக்காரன் கதை என்றால் ஆறு வந்துதான் ஆகவேண்டுமா?]

இரண்டாவது: ‘1998 ஜூனில் கிருபைராஜ் சார் கொக்கிரகுளம் பாலத்தின் மேல் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டே தூங்கினார்.’ இது இருக்கட்டும். [ஆறு வந்துவிட்டது. பாலத்துக்குக் கீழேதானே, தொலையட்டும்.]

பின்னால் இருந்த மனைவி சாலோமி விலாவில் ஒரு குத்துவிட்டாள். அவர் விழித்தார். பஸ் ஒன்று உரசுகிற மாதிரி போனது. இந்தக் குத்து அவளுக்குப் பழக்கம். இரவில் அவர் குறட்டை நின்றால் அவளுக்கு விழிப்பு வந்துவிடும். அதே விலாவில் குத்துவாள், மூச்சு திரும்பும். மற்றவர்கள் குறட்டை கேட்டால் தூங்கமாட்டார்கள், இவள் கேட்காவிட்டால் தூங்கமாட்டாள். முழுதாக ஓர் இரவு தூங்கி வருடக்கணக்காகிறது.

“இனி ஒங்க பின்னால உக்கார மாட்டேன். மெட்ராஸுக்குப் போயி டாக்டர் சொன்ன அந்தத் தூக்க டெஸ்ட எடுத்துட்டு வாங்க” என்றாள்.

3

தலையெல்லாம் வயர் ஒட்டிக்கொண்டு, சென்னை ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு ராத்திரி தூங்கிவிட்டு வந்தார். ரிசல்ட் தபாலில் வந்தது. சார் பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவோடு படித்தார். ஓர் இடத்தில் 41, இன்னோர் இடத்தில் 68.

“முப்பத்தஞ்சுதான பாஸு? நாப்பத்தொண்ணு எடுத்துருக்கேன். இன்னொண்ணுல ஃபர்ஸ்ட் கிளாஸ். நீதான் சும்மா பயப்படுத, சாலோமி.”

[படித்த மனிதர் இப்படி நினைப்பாரா என்று எனக்கே சந்தேகம். என் கேசட்டைக் கேட்டுவிட்டு ‘சுருதி சுத்தமா இருக்கே’ என்றவன் நான். நினைப்பார்.]

சாலோமி நம்பவில்லை. அவரை டாக்டர் தாணுமாலையனிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

“சார், இது மார்க் இல்ல” என்றார் டாக்டர். “ஒரு மணி நேரத்துல நாப்பத்தொரு தடவ ஒங்க மூச்சு அடைபட்டிருக்கு. அஞ்சுக்குள்ள இருக்கணும். முப்பதத் தாண்டுனாலே கடுமைதான்.”

“அந்த அறுபத்தெட்டு?”

“மூச்சு அடைபடும்போது ரத்தத்துல ஆக்சிஜன் கொறையுது. அது அவ்வளவு கீழ எறங்கியிருக்கு. தொண்ணூறுக்குக் கீழ போகவே கூடாது.”

சார் சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு எண்ணையும் வட்டமிட்டார்.

“அப்போ ரெண்டு பாடத்துலயும் ஃபெயிலு.”

“ஆமா சார். இப்படியே விட்டா ஒருநா தூக்கத்துலயே போயிருவீங்க. இல்லன்னா பாலத்துல.”

சாலோமி விலாவில் குத்துகிற தன் வலது கையைப் பார்த்துக்கொண்டாள். [‘அழுதாள்’ என்று எழுதி அடித்துவிட்டேன். அழுதாள் என்றுதான் நினைக்கிறேன்.]

4

டாக்டர் எழுதிக் கொடுத்த மூச்சு மெஷினை சாலோமியின் தம்பி மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்தான். பெரிய ரேடியோ அளவில் ஒரு பெட்டி, ஒரு குழாய், மூக்கை மூடும் முகமூடி. ஓயாமல் காற்றை ஊதி, தொண்டை அடைபடாமல் பார்த்துக்கொள்ளும். முதலில் சார் அதைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தார். பழகியபோது வேறு சிக்கல் வந்தது. குறட்டை நின்றுவிட்டது. குறட்டை நின்றால் சாலோமி குத்துவாள்.

“மூச்சு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. குத்தாத.”

“சத்தத்தக் காணும். நான் எத வச்சு நம்புதது?”

பகலில் போட்டுக் காட்டுங்கள், வீட்டம்மா பார்த்துப் பழகட்டும் என்றார் டாக்டர். சனிக்கிழமை மதியம் சார் முகமூடியை மாட்டிக்கொண்டு படுத்தார். சாலோமி பக்கத்தில் படுத்து அவர் நெஞ்சில் கை வைத்தாள். கை ஏறியது, இறங்கியது. வைத்த கையோடு அவள் தூங்கிப்போனாள்.

[‘முற்றும்’ என்று எழுதியும் வைத்தேன். ஆனால் அப்போது பார்த்து கரண்ட் போய்விட்டது.]

5

மெஷின் நின்றது. சார் அரைத்தூக்கத்தில் முகமூடியைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் படுத்தார். பழைய குறட்டை தொடங்கியது. அது நின்றால் இன்றைக்கு அவள் விழிப்பாளா? எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருடத் தூக்கம் பாக்கி. அவளை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. நானும் இருக்க முடியாது, என் கேசட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் கிளம்புகிறேன்.

நீங்கள் கொஞ்சம் இங்கே உட்காருங்கள். கரண்ட் வரும்வரை போதும். சத்தம் கேட்கும்வரை ஒன்றும் செய்யவேண்டாம். நின்றால், விலாவில் ஒரு குத்து. பைய. அவள் எழுந்துவிடக் கூடாது.