இரண்டு கிலோ வெங்காயம்

பதினோராவது வெங்காயத்தை நறுக்கும்போது ஜெயலட்சுமியின் போன் அடித்தது. ஊரில் செத்துப்போன அவள் புருஷன் வீரபாண்டியைக் குளிப்பாட்ட வெளியே தூக்கிவிட்டார்கள். மகள் அகிலா வீடியோவில் காட்டுகிறாள்.

போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து நிறுத்தினாள். குவைத்தின் மங்காஃப் பகுதியில் அவள் வேலை பார்க்கும் வீட்டிலும் இழவுதான். மேடத்தின் தாயார் போய் இரண்டாம் நாள். கூடத்தில் கறுப்பு உடுத்திய பெண்கள் கசப்புக் காப்பி குடித்தபடி ஊசி விழுந்தால் கேட்கும் அமைதியில் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் சேதி சொன்னபோது மேடம் அவள் தலையைத் தொட்டு, சத்தம் போட்டு அழாதே, செத்தவருக்கு அது வேதனை என்றாள். லீவைப் பற்றி மூன்று நாள் கழித்துப் பேசலாமாம். நல்ல மனுஷிதான். நல்ல மனுஷிகளிடம்தான் வாயைத் திறக்க முடிவதில்லை.

ஊரிலோ வாய்விட்டு அழாதவள் பெண்டாட்டியே இல்லை. குவைத்தில் இவள் ஏசியில் கிடக்கிறாள், என் பிள்ளை கவனிக்க ஆளில்லாமல் செத்தான் என்று மாமியார் பஞ்சவர்ணம் விடிந்ததிலிருந்து மாரடித்துக்கொண்டிருந்தாள். இனி அகிலா வளரப்போவது அந்த வாய்க்குக் கீழேதான். ஒரே ஒரு தடவை, மகள் பார்க்க, அவனுக்காக அழுதுவிட வேண்டும். ஜெயலட்சுமி கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

திரையில் அவன் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். எத்தனை எண்ணெய் வைத்தாலும் முன்நெற்றியில் விறைத்து நிற்கும் கற்றைமுடி சாதுவாகப் படிந்துபோனது. அதைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. தலைத்துணியை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

பஞ்சவர்ணத்தின் முகம் திரையை அடைத்தது.

"என்ன, சத்தத்தையே காணோம்? போனை இங்கிட்டுக் காட்டு." உற்றுப் பார்த்தாள். "வெங்காயத்த நறுக்கி வச்சுக்கிட்டுல்ல அழுவுறா. எம்மவனுக்கு நெசமா ரெண்டு சொட்டுக் கண்ணீருக்கு வக்கில்லாமப் போச்சே."

சுற்றியிருந்த பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பிறகு அகிலாவின் முகம் தெரிந்தது. மேசையிலிருந்த கத்தியையும் வெங்காயக் குவியலையும் அவளும் பார்த்தாள்.

"வேலையா இருக்கியாம்மா?"

ஜெயலட்சுமி துணியை வாயிலிருந்து பிடுங்குவதற்குள் திரை இருண்டுவிட்டது.

காலிக் காப்பிக் கூஜாவோடு மேடம் வந்தாள். ஜெயலட்சுமியின் சிவந்த கண்களைப் பார்த்தாள், வெங்காயத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து சத்தமே போடாமல் இருந்ததை மெச்சினாள். பிறகு பெரிய கிண்ணத்தில் தானே தண்ணீர் பிடித்து வைத்து, இருவருக்கும் பொதுவான அரைகுறை இந்தியில், இதில் போட்டு நறுக்கினால் கண் எரியாது என்றாள்.

"சரி, மேடம்."

மிச்ச வெங்காயங்களைத் தண்ணீரில் போட்டாள். மிதந்தன. ஒவ்வொன்றாக அமுக்கினாள். கையை எடுத்ததும் மேலே வந்தன.