கழட்டாத கொடி

மூன்றாவது கல் இறங்கிய அன்று சத்தியபாமா குளியலறையில் போட்ட கூச்சலுக்கு, புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த டண்டினொங் நகரில் அந்தத் தெருவே எழும்பி வந்தது. ஆனால் அவள் புருஷன் விக்னராஜாவைக் கலக்கியது அந்தக் கூச்சல் அல்ல, பிறகு டொக்டர் சொன்ன விளக்கம்.

கல் விளைவது சிறுநீரகத்தில்தானாம். கோளாறு கழுத்திலாம். தைரொயிட்டுக்குப் பின்னால் பயறளவில் நாலு சுரப்பிகள், பராதைரொயிட் என்று பெயர். அவற்றில் ஒன்று வீங்கி, அளவுக்கு மீறி வேலை செய்து, எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தை உருவி இரத்தத்தில் கொட்டுகிறது. அதுதான் கல்லாகிறது. வீங்கியதை வெட்டி எடுத்தால் சுகம். விட்டால் தீராத தாகம் எடுக்கும், போகப் போகப் புத்தி தடுமாறும். இவ்வளவையும் சத்தியபாமா கேட்டுக்கொண்டாள். கழுத்தில் நகை ஒன்றும் இருக்கக்கூடாது என்று நேர்ஸ் சொன்னதும்தான் தாலிக்கொடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கல்லு இடுப்புக்கை, கத்தி கழுத்திலையோ?" திரும்பி வரும்போது ரயிலில் கேட்டாள். "நீங்கள் உயிரோடை இருக்கேக்கை நான் கொடியைக் கழட்டமாட்டன்."

"கழட்டினா நான் என்ன, செத்தே போடுவன்?" என்று சிரித்தான் விக்னராஜா.

மனுஷன் பேசுகிற பேச்சா அது? அவள் முகம் செத்துப்போனது. அதற்குப் பிறகு அவன் கெஞ்சியும் பார்த்தான், சத்தம் போட்டும் பார்த்தான். மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு போவோம் என்றான். "அதையும் அறுக்கச் சொல்லுவினம்" என்றாள். ஆஸ்பத்திரி குறித்த நாள் போயிற்று. வேறொரு நாள் குறித்தார்கள். ஆடி கழியட்டும் என்றாள். அவனும் அலுத்துப்போய் விட்டுவிட்டான்.

ஆடியில் அவள் பேச்சு குறைந்தது. சாடி சாடியாகத் தண்ணீர் குடித்தாள். கறிக்கு இரண்டு முறை உப்புப் போட்டாள், பிறகு சமைத்ததையே மறந்தாள். குசினிக் கதிரையில் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். டொக்டர் சொன்னது அவனுக்கு நினைவு வராமல் இல்லை. ஆனால் ரயிலில் சொன்ன சொல்லுக்குத்தான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்று எண்ணி, வீம்புக்குத் தானும் பேசாமல் திரிந்தான். தானாக வழிக்கு வரட்டும் என்று இருந்தான், மடையன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஃபாக்டரியால் வந்தபோது குசினியில் குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. நிலத்தில் அவள் வாந்தியெடுத்த சத்தி கிடந்தது. சத்தியபாமா கதிரையில் இருந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கழுத்தை அவன் அப்படிப் பார்த்ததே இல்லை. கொடி மேசையில், தண்ணீர்ச் சாடிக்குப் பக்கத்தில் கிடந்தது.

ஒரு கணம் அவனுக்குச் சந்தோஷம்கூட வந்தது. "கழட்டிப்போட்டீரே! நாளைக்கே போவம்" என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்நிய ஆம்பிளை ஒருவன் வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல் அவசரமாகச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவன் ஓடிப்போய் அம்புலன்ஸுக்கு அடிக்கத் தொலைபேசியை எடுத்தான். எண்ணைச் சுழற்றத் தொடங்கினான்.

பின்னால் அவள் குரல் மரியாதையாகக் கேட்டது.

"அண்ணை, இது ஆரின்ரை கொடி? ஆரோ கழட்டி வைச்சிட்டுப் போட்டினம். பாவம், அந்தப் பிள்ளையின்ரை புருஷன் செத்துப்போனாராக்கும்."